தொழுகைக்கூடத்து மல்லித்தண்ணி

இப்போது நான் வாழும் நொய்கெல்னில் என் வீட்டு அடுப்பில் மல்லி வறுபடும்போதெல்லாம், இடித்து மாடிவீடுகள் கட்டிவிட்ட அந்த யூதத் தொழுகைக்கூடம், அம்மா கூலிக்குத் துடைத்த தரையின் மெழுகு வழுக்கலோடும் சுவரோரம் முனகும் ஹீற்றரோடும் முன்னால் வந்து நிற்கும்.

தொழுகையை முன்னின்று பாடும் கன்டோருக்கு, நான் சிறுமியாக இருந்தபோது ஒருநாள், தொண்டை கட்டியிருந்தது. பொழுது சாய்ந்தால் பெருநோன்பு. அடுத்த நாள் இருட்டும்வரை ஒரு சொட்டுத் தண்ணீரும் இல்லாமல் பாட வேண்டும். அம்மா மல்லித்தண்ணி அவித்து, "குடியுங்கோ" என்று தமிழிலேயே சொல்லி நீட்ட, அவர் ஒரே மூச்சில் குடித்தார்.

நோன்பு தொடங்கியபோது அம்மாவும் நானும் சமையலறைக் கதவிடுக்கில் நின்று கேட்டோம். முதல் பாட்டில் அவர் குரல் மூச்சளவே வந்தது, கூட்டம் அசையவில்லை.

"அம்மா, உங்கட தண்ணியாலயோ?"

"பேசாம நில்லடி." வேலை போய்விடுமோ என்ற பயத்தில் அம்மா கதவை இன்னும் கொஞ்சம் சாத்தினார்.

அதே பாட்டை அவர் மறுபடி தொடங்கினார், சற்றுப் பலமாக. மூன்றாவது தடவை சன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

மெல்லத் தொடங்கி, தடவைக்குத் தடவை குரலை உயர்த்தி அதை மூன்று முறை பாடுவதுதான் அவர்களின் வழக்கம் என்று வளர்ந்த பிறகு படித்தேன். அம்மாவிடமும் சொன்னேன்.

"உனக்கென்ன தெரியும்," என்றார். "மருந்து பிடிக்க நேரமெடுக்கும்."