நின்றதும் அணையும் விளக்கு

“…நின்னதும் அணைஞ்சு போற லைட்டு எதுக்கு தம்பி? இறங்குறவங்க இருட்டுலயா இறங்குவாங்க?” என்று அண்ணி கேட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், போர்ட் பிளேரில், லம்பா லைன் என்கிற பகுதியில், அண்ணன் வீட்டு முன்னறையில் நடந்த பேச்சு இது. தரையில் ஒரு பிளைவுட் பலகை. அதன்மேல் முட்டை வடிவத்தில் தண்டவாளம், பச்சை எஞ்சின் ஒன்று, இரண்டு பெட்டிகள், கை அகலத்தில் ஒரு ஸ்டேஷன். பொம்மை ரயில்தான். பரணில் கிடந்ததை அண்ணி இறக்கச் சொன்னார், இறக்கினேன். தண்டவாளத்தைப் பச்சையாகப் பாசி போலப் பிடித்திருந்த களிம்பை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தேன். ஓடுமென்று நினைக்கவில்லை. ஓடியது. இரண்டு சுற்று சுற்றி ஸ்டேஷனில் வந்து நின்றது. நின்றதும் பிளாட்பாரத்து விளக்கெல்லாம் அணைந்துவிட்டது.

இதே கேள்வியை இதே பலகைக்கு முன்னால் உட்கார்ந்து அண்ணனிடம் அவர் கேட்டு இருபது வருடத்துக்கு மேல் இருக்கும். அண்ணன் தை மாதம் போய்விட்டார். காலையில் டீ கேட்டுவிட்டுத் திரும்பப் படுத்தவர்தான். அதனால் கேள்வி இப்போது என்னிடம் வந்தது.

அண்ணி அழவில்லை, அன்றைக்கும் சரி, அதற்குப் பிறகும் சரி. நானும் பெரிதாக அழவில்லை. காரியமெல்லாம் முடிந்த அன்று எனக்கு நல்ல பசி எடுத்தது, அது மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது. அண்ணி வழக்கம்போலச் சமைக்கிறார், வழக்கம்போல வாசல் தெளிக்கிறார். என்ன கேட்டாலும், “ம், பாப்போம்” என்கிறார்.

அந்தப் பாப்போமுக்குள்தான் ஒரு பெரிய விஷயம் மாட்டிக்கொண்டிருந்தது. அண்ணனின் ஒரே மகள் அமுதா மெயின்லேண்டில், தாம்பரம் பக்கம் இருக்கிறாள். காரியத்துக்கு வந்தவள் ஒரு புது சூட்கேஸ் வாங்கி, அம்மாவின் கட்டிலில் திறந்து வைத்துவிட்டுப் போனாள். “எங்க வீட்டுக்குப் பின்னாடியே லைன்மா. நாள் பூரா ரயில் பாத்துட்டு இருக்கலாம். வேணுங்கறத நீங்களே எடுத்து வைங்க, டிக்கெட் நான் போடுறேன்” என்றாள். மாதங்கள் ஆயின. சூட்கேஸ் திறந்தபடியே கிடந்தது. அண்ணி அதைத் தினமும் துடைப்பார், உள்ளே ஒரு கைக்குட்டைகூட வைக்கவில்லை. காலியாகத் திறந்து கிடக்கிற பெட்டியை எவ்வளவு நேரம் பார்க்க முடியும், சொல்லுங்கள்.

என் மனைவி ஞாயிறுதோறும் மீன் குழம்பைத் தூக்கில் ஊற்றிக் கொடுத்து என்னை அனுப்புவாள். குழம்பு ஒரு சாக்கு. அண்ணி போகிறார்களா, இருக்கிறார்களா என்று கேட்டு வர வேண்டும். நான் போவேன், உட்காருவேன், கேட்க மாட்டேன். திரும்பி வந்ததும், “கேட்டீங்களா?” என்பாள். “மீன் நல்லா இருந்துச்சாம்” என்பேன்.

அன்றைக்கும் கேட்காமல் எழுந்திருக்கத்தான் பார்த்தேன். அதற்குள் ரயில் செட்டின் கறுப்பு டிரான்ஸ்பார்மர் சூடாகி ஒரு வாசனை வந்தது. பல வருடத் தூசி சூடேறினால் வருமே, அது. எனக்கு உடனே, கப்பல் வந்து நிற்கும் ரங்கத் ஜெட்டியின் ஜெனரேட்டர் கொட்டகை ஞாபகம் வந்துவிட்டது.

நானும் அண்ணனும் பிறந்து வளர்ந்தது நடு அந்தமானில் இருக்கிற ரங்கத்தில். அப்பா ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கப்பலில் வந்தவர், திரும்பிப் போகவில்லை. நான் படித்தது குறைவு. யார் எப்போது என்ன சொன்னார்கள் என்பது மட்டும் எனக்கு மறக்காது, என் படிப்பு அவ்வளவுதான். அந்தக் கொட்டகைக்காரர் சொல்வார்: “டீசல் ஜஹாஜ்ல வருது. ஜஹாஜுக்கே செலவு பண்ணலாம், வேற எவனுக்கும் கிடையாது.” அதாவது கப்பல் சங்கு ஊதினால்தான் ஜெனரேட்டர் ஓடும். அதுவரை ஜெட்டியில் கும்மிருட்டு. அண்ணனுக்குக் கல்யாணமான புதிது, தீவுகளுக்குள் ஓடுகிற கப்பலில் எலக்ட்ரீஷியன் வேலை. கப்பல் எப்போது வரும் என்று கப்பலுக்கே தெரியாத காலம். அண்ணி ஜெட்டிக்கு வந்து மூங்கில் கட்டின்மேல் உட்கார்ந்துவிடுவார். பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று பீடி நெருப்பை வைத்துத்தான் தெரியும். திடீரென்று கொட்டகை படபடக்கும், சூடான தூசி வாசனை வரும், விளக்குகள் மெல்ல மஞ்சளாகி வெள்ளையாகும். “லைட்டு வந்துச்சுன்னா உங்கண்ணன் வந்தாச்சு” என்பார் அண்ணி. கப்பல் கண்ணுக்குத் தெரியும் முன்பே எழுந்து புடவையைத் தட்டிக்கொள்வார்.

பிறகு குடும்பம் போர்ட் பிளேர் வந்தது. எனக்கும் ஃபீனிக்ஸ் பே துறைமுகத்தில், கப்பலிலிருந்து வீசும் கயிற்றைக் கரையில் வாங்கிக் கட்டுகிற வேலை கிடைத்தது. ஒரு வருடம் அண்ணனின் கப்பல் பழுது பார்க்கச் சென்னை போனது. திரும்பும்போது அமுதாவுக்கென்று இந்த ரயில் செட்டை வாங்கி வந்தார். புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கான சின்ன செட். அமுதா ஒரு வாரம் விளையாடினாள், விட்டுவிட்டாள். அண்ணன் விடவில்லை.

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். உங்களுக்குப் பிறந்ததிலிருந்தே ரயில் உண்டு. எங்கள் தீவில் ரயில் கிடையாது. அண்ணன் அதுவரை பார்த்ததெல்லாம் சென்னைத் துறைமுகத்துக்குள் நகரும் சரக்கு வண்டி மட்டும்தான். நான் அதுவும் பார்த்ததில்லை. கப்பலிலேயே தங்கி, கப்பலிலேயே சாப்பிட்டுத் திரும்பிய மனிதர், ஸ்டேஷன் எப்படி இருக்கும் என்று கேட்டால் எங்கே போவார்?

ஸ்டேஷனும் விளக்குகளும் சிக்னலும் தனித்தனியாக வந்திருந்தன. ஒயர் கொடுத்து நாமே பூட்ட வேண்டும். தூக்கிப்போட்ட டெலிபோன் கேபிளை உரித்து மெல்லிசாக நாலு கலரில் கம்பி எடுத்தார். பலகையில் துளை போட்டு எல்லாக் கம்பியையும் அடிவழியாகக் கொண்டுவந்தார். அது பார்க்க அத்தனை அழகு. பின்னல் போட்டதுபோல இருக்கும், இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. டிரான்ஸ்பார்மரின் பின்பக்கம் நாலு திருகு. இரண்டு தண்டவாளத்துக்கு, குமிழைத் திருப்பினால் மின்சாரம் ஏறும், இறங்கும், வண்டி ஓடும், நிற்கும். மற்ற இரண்டு விளக்குகளுக்கு. அதில் மின்சாரம் ஏறாமல் இறங்காமல் ஒரே சீராக வரும். அண்ணன் இரண்டிலும் பூட்டிப் பார்த்தார். விளக்குத் திருகில் பூட்டினால், வண்டி ஓடினாலும் நின்றாலும் ஸ்டேஷன் எரிந்துகொண்டே இருந்தது. அது அவருக்குப் பொறுக்கவில்லை.

“வண்டியே வரல, யாருக்கு எரியுது இது?” என்று கழற்றித் தண்டவாளத்துத் திருகிலேயே விளக்கையும் சேர்த்துவிட்டார். இப்போது வண்டி கிளம்பினால் ஸ்டேஷன் மஞ்சளாகும், வேகமெடுத்தால் வெள்ளையாகும். ரங்கத் ஜெட்டியேதான். அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தார்.

சிக்னல் கதை அதைவிட. ஒரே கம்பத்தில் சிவப்பும் பச்சையும் வந்திருந்தது. அண்ணன் அதைப் பிரித்து, ஸ்டேஷனுக்குள் நுழையும் இடத்தில் சிவப்பை இடது பக்கமும் பச்சையை வலது பக்கமும் நட்டார். துறைமுகத்துக்குள் நுழைகிற வழியில் கப்பலுக்கு வழிகாட்டும் விளக்குகள் மிதக்குமே, அந்த வரிசை. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. பக்கத்து வீட்டு வங்காளத்துக்காரர் பிஸ்வாஸ் தாதா (தாதா என்றால் அவர்களுக்கு அண்ணன்), கல்கத்தாவில் ரயிலேறிப் படித்த மனிதர், வந்து பார்த்துவிட்டு சிரிப்பில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். “அரே பாய், ஏ தோ ஜெட்டி ஹை” என்றார், இது ஜெட்டியல்லவா என்று. சிவப்பென்றால் நில், பச்சையென்றால் போ, இரண்டும் ஒன்றாக எரிந்தால் வண்டி நிற்பதா போவதா என்று இந்தியில் கேட்டார்.

அண்ணன் கொஞ்சமும் அசரவில்லை. “பீச் மே ஜானேகா, தாதா” என்றார். நடுவில் போக வேண்டுமாம். எங்கள் வீட்டில் எந்தச் சிக்கல் வந்தாலும் ரொம்ப நாள் அந்த ஒரு வார்த்தைதான் ஓடியது.

அண்ணி மட்டும் சிரிக்கவில்லை. பலகையையே பார்த்துக்கொண்டிருந்தவர் கேட்டார், நின்றதும் அணைகிற விளக்கு எதற்கென்று. ஜெட்டி என்றே வைத்துக்கொண்டாலும், ஜெட்டியில் கடைசி ஆள் இறங்கும்வரை எரியுமே. இங்கே வந்து சேர்ந்த நொடியில் அல்லவா இருட்டாகிறது. அண்ணன் ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தார். “சரி சரி, அடுத்த லீவுல மாத்துறேன்” என்றார். எத்தனையோ லீவு வந்தது. ரயில் பரணுக்கு ஏறியது.

பிஸ்வாஸ் தாதா இப்போது இல்லை. அண்ணன் ஓடிய கப்பலை உடைக்கக் கொண்டுபோய்விட்டார்கள். ரங்கத்துக்கு எல்லோரும் பஸ்ஸில் போகிறார்கள். போன வருடம் ஒரு வேலையாகப் போனபோது அந்த ஜெட்டியைப் பார்த்தேன். கப்பலே இல்லாத கரையில் விளக்குகள் பளீரென்று எரிந்துகொண்டிருந்தன, கீழே இரண்டு நாய்கள் படுத்திருந்தன. யாருக்கு எரியுது என்று கேட்க அங்கே ஆள் இல்லை. எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்பதைத் தவிர.

அண்ணியின் கேள்விக்கு நடுவில் யோசனை இப்படியெல்லாம் போய்விட்டது. “தம்பி” என்றார் அண்ணி. ஐந்தரை மணிகூட ஆகியிருக்காது. எங்கள் ஊரில் அதற்குள்ளேயே இருட்டு கட்டிவிடும். முன்னறையில் விளக்குப் போடவில்லை.

“ரெண்டு கம்பிதான் அண்ணி. அந்தத் திருகுல இருந்து இந்தத் திருகுக்கு மாத்தணும், அவ்வளவுதான். இப்பவே மாத்திடுறேன்” என்று ஸ்குரூ டிரைவரைத் தேடினேன்.

“இருக்கட்டும். அது அவங்க பூட்டுனது” என்றார்.

அண்ணி குனிந்து குமிழைத் தாமே திருப்பினார். எஞ்சின் முனகிக்கொண்டு ஓரடி நகர்ந்தது, ஸ்டேஷன் மஞ்சளானது. இன்னும் திருப்பினார். வண்டி வேகமெடுத்து ஒரு சுற்று சுற்றி, சிவப்புக்கும் பச்சைக்கும் நடுவில் நுழைந்து பிளாட்பாரத்துக்கு வந்தது. அப்போது கையை நீட்டி, ஓடுகிற எஞ்சினைத் தண்டவாளத்திலிருந்து அப்படியே தூக்கிவிட்டார். பெட்டிகள் இரண்டும் கொஞ்ச தூரம் உருண்டு ஸ்டேஷனில் நின்றன. குமிழ் திருப்பியபடியே இருந்ததால் விளக்குகள் அணையவில்லை. முன்பைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே எரிந்தன.

அண்ணி அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எஞ்சினை முந்தானையால் துடைத்து, உள்ளே கொண்டுபோய், கட்டிலில் திறந்து கிடந்த சூட்கேஸில் வைத்தார்.