டிரைவுக்குள் இருந்த குரல்

எனக்குத் திக்குவாய். எழுதும்போது இது ஒரு சிறிய வாக்கியம். வாயால் சொல்லச் சொன்னால் முதல் எழுத்திலேயே நின்றுவிடுவேன். அக்கராயனிலிருந்து வேலைக்குப் பஸ்ஸில் போகிற நாட்களில் கொண்டக்டரிடம் கிளிநொச்சி என்று ஒருநாளும் சொன்னதில்லை, ‘டவுன்’ என்பேன். பாண் வாங்கப் பேக்கரிக்குப் போய், அந்தச் சொல் வராமல் றஸ்க் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.

நான் வாய்க்கால்களுக்கும் மதகுகளுக்கும் படம் வரைகிறவன். அலுவலகத்தில் அதிகம் பேசத் தேவையில்லை. ஒருமுறை மட்டும், நான் வரைந்த வாய்க்கால் எந்தக் காணிகளுக்கு ஊடாகப் போகிறது என்று வயல் வைத்திருக்கும் கமக்காரர் கூட்டத்தில் நானே விளக்க வேண்டி வந்தது. எழும்பி நின்றேன். சொல் வரவில்லை. முன்வரிசையில் இருந்த ஒருவர், இரக்கப்பட்டுத்தான், என் சொல்லை எனக்காக முடித்துவைத்தார். அது நான் சொல்ல வந்த சொல் அல்ல. திருத்தவும் என்னால் முடியவில்லை. கூட்டம் முடியும்வரை தலையாட்டிக்கொண்டு நின்றேன்.

அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண்ணிடம் போனேன். “ஒவ்வொரு நாளும் லப்டொப்புக்கு முன்னால இருந்து கதைச்சு வீடியோ எடுங்கோ. பிறகு அதைப் போட்டுப் பாருங்கோ. முகத்தைத் திருப்பாமல் பாக்கோணும்” என்றார்.

எடுத்தேன். காலையில் மனைவி குசினிக்குள் சமைத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் அறைக்கதவைச் சாத்திவிட்டு, லப்டொப்பின் கமராவைப் பார்த்துப் பேசுவேன். கிளிநொச்சி என்று சொல்லிப் பார்ப்பேன். பாண் கேட்டுப் பார்ப்பேன். கழுத்து நரம்பு புடைத்து, கண் இறுகி, வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டு நிற்கிற அந்த முகத்தைப் பிறகு போட்டுப் பார்ப்பேன். என் முகம் அப்படிப் போகும் என்று அதுவரைக்கும் எனக்குத் தெரியாது. மற்றவர்கள் எல்லாரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது அப்போதுதான் விளங்கியது. அந்த வீடியோக்களை ‘பழைய மதகுப் படங்கள்’ என்று பெயரிட்ட கோப்புறைக்குள் போட்டு வைத்தேன். மனைவி நான் அலுவலக வேலை செய்வதாக நினைத்திருந்தாள்.

லப்டொப்பில் இருந்தது எஸ்.எஸ்.டி. டிரைவ். பழைய ஹார்ட் டிஸ்க் போல உள்ளே சுழல்கிற தட்டு இல்லை, சத்தமும் இல்லை. வாங்கும்போது கடைக்காரர், “மூண்டு வருச வாரண்டி, யோசிக்காதேங்கோ” என்றார். நானும் அதன் ஆயுளே மூன்று வருடத்துக்குக் குறையாது என்று எடுத்துக்கொண்டேன். லப்டொப்பின் பற்றரி ஏற்கெனவே செத்துவிட்டது. ஒருநாள் காலை பேசிக்கொண்டிருக்கும்போது கரண்ட் நின்றது. திரும்பி வந்தபோது திரையில் டிரைவ் இல்லை என்று எழுத்து வந்தது. அவ்வளவுதான். பழைய டிஸ்க் என்றால் சாவதற்கு முன் சில நாட்கள் கரகரக்கும். இது ஒரு சொல்லும் சொல்லாமல் போய்விட்டது.

டிரைவ் வாங்கிய அதே கிளிநொச்சிக் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் என்னைவிடச் சில வயது இளையவர். கழற்றித் தன் கணினியில் பூட்டிப் பார்த்தார்.

“அண்ணை, இது செத்துப்போச்சு. ஆனால் வாரண்டி இன்னும் கிடக்கு. எரிஞ்ச அடையாளமோ உடைவோ இல்லை. கொழும்புக்கு அனுப்பினால் புதுசு தருவினம்.”

“இது?”

“இது திரும்பி வராது. உள்ளுக்கை கிடக்கிறதுக்கு வாரண்டி இல்லை, டிரைவுக்குத்தான். முக்கியமா ஏதும் கிடந்ததோ?”

கடைக்குள் போன் திருத்த வந்த இரண்டு பேர் நின்றார்கள். கொழும்பில் யாராவது இதைத் திறந்து பார்க்க முடியுமா என்று கேட்க நினைத்தேன். கொழும்பு என்ற சொல் வரவில்லை. “அங்கை... அவை... பாப்பினமோ?” என்று கேட்டேன்.

“ஆர் மினக்கெடப் போகினம்? ஆனால் ஏலாது எண்டும் சொல்லமாட்டன். நினைவுச் சில்லு நல்லாய்க் கிடந்தால், தெரிஞ்ச ஆக்கள் எடுப்பினம்.”

கையை நீட்டி டிரைவைத் திருப்பி வாங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். போன் திருத்த வந்தவர்களில் ஒருவன் மற்றவனைப் பார்த்துச் சிரித்தான். எதற்கென்று வீட்டுக்கு வந்த பிறகுதான் விளங்கியது.

“வாரண்டி கிடக்கெல்லோ. ஏன் குடுக்காமல் கொண்டந்தனீங்கள்?” என்று கேட்டாள் மனைவி.

“ஆபீஸ் படங்கள்.”

“வாய்க்கால் படத்தை ஆர் பாத்தால் என்ன?”

நான் சட்டைப் பையைக் கையால் பொத்திக்கொண்டேன். அவள் கையில் இருந்த அகப்பையைக் கீழே வைத்தாள். குரலைத் தாழ்த்தி, “நான் பாக்கக் கூடாத ஏதும் கிடக்கோ?” என்று கேட்டாள்.

இல்லை என்பது எனக்கு வருகிற சொல். அன்றைக்கு அதுவும் நின்றது. ‘இ’யிலே வாய் திறந்தபடி நின்றேன். முகம் எப்படிக் கோணியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த வீடியோக்களில் பார்த்திருக்கிறேன். திக்குகிறவன் எப்போதும் பொய் சொல்கிறவனைப் போலத்தான் தெரிவான். அவள் அகப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள்.

கதவைச் சாத்திக்கொண்டு தனியே இருந்த காலைகளை அவள் எண்ணிப் பார்த்திருப்பாள். ஆண்கள் லப்டொப்பில் எதை ஒளிப்பார்கள் என்று ஊருக்கே தெரியும். உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் உண்மையைவிட அவள் நினைக்கிற அந்தக் கேவலம் எனக்குக் குறைவாகத் தெரிந்தது. அது எல்லா ஆண்களுக்கும் உள்ளது. மற்றது எனக்கு மட்டும் உள்ளது. வெட்கக்கேடான கணக்குத்தான், ஆனாலும் அப்படித்தான் நினைத்தேன். அந்தக் கிழமை முழுக்க அவள் எனக்குச் சாப்பாடு போட்டுவைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விடுவாள்.

பிறகு ஒருநாள் நான் வேலை முடிந்து வந்தபோது அவள் முன்கதிரையில் உட்கார்ந்திருந்தாள், வெளியில் போய்வந்த சேலையோடு.

“உங்கட டிரைவைக் கடைக்குக் கொண்டுபோனனான்” என்றாள்.

டிரைவை ஒளித்து வைத்திருந்த அலுமாரியைத் திரும்பிப் பார்த்தேன்.

“கடைக்காரத் தம்பி, அனுப்ப முதல் ஒருக்கால் முயற்சி செய்து பாப்பம் எண்டு கரண்டை மட்டும் குடுத்துச் சும்மா விட்டவர். சிலது அப்பிடிக் கண் முழிக்குமாம். அரை மணித்தியாலத்தால முழிச்சிட்டுது. சரியாய் இருக்கோ எண்டு பாக்க ஒரு வீடியோவைத் திறந்தவர்.”

“எ... எ...” எதை என்று கேட்க வந்தேன்.

“என்ர பேர் சொல்லிற வீடியோ.”

அவளுடைய பெயர் எனக்கு வராத எழுத்தில் தொடங்குகிறது. கலியாணம் கட்டிய நாளிலிருந்து ‘இஞ்சரும்’ என்றுதான் கூப்பிடுகிறேன். ஊரில் எல்லா ஆண்களும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அதனால் எனக்கு அது நல்ல மறைப்பாக இருந்தது. அந்த வீடியோவில் நான் அவளுடைய பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்க்கிறேன். பெரும்பாலும் பெயர் வருவதில்லை.

“கடையில ஆக்கள் நிண்டவையோ?” இந்தக் கேள்வி எப்படித் தடங்கல் இல்லாமல் வந்தது என்று தெரியவில்லை.

“நிண்டவை. அந்தத் தம்பி நிப்பாட்டப் போனவர். நான்தான் விடுங்கோ, ஓடட்டும் எண்டனான்.”

நான் கதவுநிலையில் சாய்ந்தேன். கடையில் நின்ற யாரோ சிலர் என் வாய் கோணுவதை முடிவுவரை பார்த்திருக்கிறார்கள், அதுவும் என் மனைவி சொல்லி. அவள்மேல் வந்த கோபத்தைச் சொல்லக்கூட எனக்குச் சொல் இல்லை.

“நான் வேற என்னவோ நினைச்சிட்டன்” என்றாள் அவள். தலை குனிந்திருந்தது. “அங்கை நிண்டு பாக்கேக்கை எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போச்சு. உங்களைப் பாத்தில்லை. என்னை நினைச்சு.”

அன்று இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல்தான் சாப்பிட்டோம். ஆனால் ஒரே நேரத்தில் சாப்பிட்டோம்.

பற்றுச்சீட்டு என் பெயரில் இருந்ததால் வாரண்டிக்கு நான்தான் கையெழுத்து வைக்க வேண்டும் என்று கடைக்காரர் சொல்லி அனுப்பியிருந்தார். அவளை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனேன். கடைக்கு எதிர்ப்பக்கத்தில் நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றாமல் இருந்தேன். அவள் அவசரப்படுத்தவில்லை. கடைசியில் ஹெல்மெட்டோடேயே அவளுடன் உள்ளே போனேன்.

கடைக்காரர் என்னைப் பார்த்ததும் திரையைப் பார்க்கத் தொடங்கினார். அவருக்கும் சங்கடம். “அண்ணை, எல்லாத்தையும் வேற டிரைவில கொப்பி பண்ணிட்டன். இதை முழுசா அழிச்சுத்தான் அனுப்புவன், பயப்பிடாதேங்கோ. முழிச்சாலும் இனி இதை நம்பேலாது.”

நான் தலையாட்டினேன்.

“இன்னொண்டு. எஸ்.எஸ்.டி.யில எழுத எழுதத் தேயும். அதால வாரண்டியில வருசமும் இருக்கும், இவ்வளவுதான் எழுதலாம் எண்டும் இருக்கும். எது முந்துதோ அதோட சரி. உங்கட எவ்வளவு எழுதினது எண்டு பாத்தன். கொஞ்சம்தான். இது தேஞ்சு சாகேல்லை. கரண்ட் நிண்டு நிண்டு வந்ததிலதான்.”

நான் பேசிப் பேசித்தான் அது பழுதானதோ என்று உள்ளுக்குள் நினைத்துக்கொண்டிருந்தேன். அதை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

“புதுசுக்கு...” என்று தொடங்கி நின்றேன். வாரண்டி எத்தனை வருடம் என்று கேட்க வேண்டும். கடைக்காரர் வாயைத் திறந்தார். என் சொல்லை முடித்துவைக்கத்தான். மனைவி அவரை ஒருமுறை பார்த்தாள். அவர் வாயை மூடிக்கொண்டார். மூன்று பேரும் நின்றோம். எனக்குக் காது சுட்டது. வியர்வை ஹெல்மெட்டுக்குள்ளால் கண்ணுக்குள் இறங்கியது. இப்படி ஒரு மௌனத்தைவிட அவர் முடித்துவைத்திருக்கலாம் என்றுகூட நினைத்தேன்.

“எத்தனை வ... வருசம்?”

“புதுசா மூண்டு வருசம் தரமாட்டினம். பழையதில மிச்சம் எவ்வளவோ அவ்வளவுதான்.”

கையெழுத்து வைத்தேன்.

புது டிரைவ் வந்து, அதைப் பூட்டி, வீடியோக்களையும் அதற்குள் போட்டாயிற்று. மனைவி அவற்றைப் பார்க்கக் கேட்டதில்லை, நானும் காட்டவில்லை. காலையில் இன்னும் கதவைச் சாத்திக்கொண்டுதான் பேசுகிறேன். சந்தைக்குப் போகும்போது அந்தக் கடை வருகிற இடத்தில் வேகத்தைக் கூட்டுகிறேன். கடைக்காரர் கண்டால் கையை உயர்த்துகிறார். நானும் உயர்த்துகிறேன், முகத்தைப் பாராமல்.