முத்திரைத்தாளில் இருபத்திரண்டு கையெழுத்து

கோவை ஒப்பணக்காரத் தெருவில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் சாஜிதா பேகத்தின் டிராவல்ஸ் இருக்கிறது. அவர் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டு ஒரு முத்திரைத்தாள் மாட்டியிருக்கும். அதில் இருபத்திரண்டு கையெழுத்து. முதல் கையெழுத்து என்னுடையது. வருகிறவர்கள் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அதைக் கழற்றச் சொல்லி நான் ஒருநாளும் கேட்டதில்லை. ஆனால் "பத்தாவது படிச்ச பொம்பளைக்கு விசாவைப் பத்தி என்ன தெரியும்" என்று அங்கே எவனாவது வாயைத் திறந்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும். அதை முதலில் சொன்ன மடையன் நான்தான்.

1996. பல்லடத்தில் ஒரு கோழித்தீவனக் கம்பெனியில் நான் விற்பனை மேனேஜர். நன்றாக வியாபாரம் செய்த டீலர்களைச் சிங்கப்பூருக்குக் கூட்டிப்போய், அங்கிருந்து மூன்று நாள் கப்பலில் சுற்றிக்காட்டுவதாக முதலாளி மேடையில் அறிவித்துவிட்டார். சம்சாரங்களையும் என்னையும் சேர்த்து இருபத்திரண்டு பேர். பாதிப் பேர் பழனியைத் தாண்டாதவர்கள்.

டிக்கெட், விசா வேலையெல்லாம் சாஜிதாவிடம் போயிற்று. அதே மாடி அறையில்தான் அவருடைய அத்தா, அதாவது அப்பா, ஹஜ்ஜுக்குக் கப்பலேறுகிறவர்களுக்குப் விண்ணப்பப் பாரம் நிரப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அத்தா மௌத்தாகி அடக்கம் முடிந்ததும், அறையைக் காலி செய்துவிடலாம் என்றார் அண்ணன் பஷீர். தங்கை மாட்டேன் என்றார். கடைசியில் அண்ணன் ஒரு நிபந்தனை வைத்தார்: கையில் இருக்கும் குரூப் ஒழுங்காகப் போய்த் திரும்ப வேண்டும், ஒரு ஆள் பாதியில் நின்றாலும் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். அந்தக் குரூப் நாங்கள்தான்.

கிளம்பப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது சாஜிதா போன் செய்தார். "தனபாலண்ணா, சிங்கப்பூர் விசா வந்துருச்சுங்க. ஆனா நடுவுல ஒரு நாள் கப்பல் மலேசியாவுல நிக்குதுங்க. அதுக்கும் விசா வேணும். பாஸ்போர்ட்டையெல்லாம் மறுபடியும் மெட்ராசுக்கு அனுப்போணும்."

டீலர்கள் கொதித்துவிட்டார்கள். போன பாஸ்போர்ட் கிளம்புகிற நாளைக்குள் திரும்பாவிட்டால் பயணமே போச்சே! எல்லோருக்கும் மூத்தவர் பொங்கலூர்த் தம்பிதுரை. அவர்தான் வழி சொன்னார். "எறங்குனாத்தானுங்க விசா? நாம எறங்கவே வேண்டாம். கப்பல்லயே உக்காந்துக்குவோம்."

எனக்கு அது மிக நியாயமாகப் பட்டது. எங்கள் பக்கத்தில் பங்காளி வழக்கோ கிணற்றுத் தண்ணீர் முறையோ, எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் பேச்சு முடிந்தது. நேராகக் கோர்ட் வாசலுக்குப் போனேன். முத்திரைத்தாள் வாங்கினேன். 'நாங்கள் இருபத்திரண்டு பேரும் மலேசியாவில் எக்காரணம் கொண்டும் கப்பலை விட்டு இறங்கமாட்டோம்' என்று இங்கிலீஷில் டைப் அடித்து, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி, இரண்டு சாட்சியும் நோட்டரி சீலும் போட்டாயிற்று. அறிவுக்கொழுந்து!

தம்பிதுரையையும் கூட்டிக்கொண்டு போய்த் தாளை சாஜிதாவின் மேஜைமேல் வைத்தேன். அவர் ஒரு வரி விடாமல் படித்தார். சிரிக்கவில்லை. அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது.

"இது செல்லாதுங்கண்ணா."

"நோட்டரி சீல் இருக்குது. பத்தாவது படிச்சுப்போட்டு நீங்க சட்டம் பேசாதீங்க" என்றேன்.

அவர் முகம் சுண்டிப்போயிற்று. தம்பிதுரை பக்கம் திரும்பினார். "ஏனுங்கய்யா, உங்க தோட்டத்துக்குள்ள ஒருத்தன் காரை ஓட்டிட்டு வந்து கெணத்து மேட்டுல நிறுத்திப்போட்டு, 'நான் கீழ காலே வைக்கலை, எழுதி வேணாலும் தாரேன்'னா விட்டுருவீங்களா?"

"தோலை உரிச்சுப்போடுவேன் அம்மணி! ஆரைக் கேட்டு வேலிக்குள்ள வந்தேம்பேன்."

"துறைமுகமும் வேலிக்குள்ளதானுங்க இருக்குது."

தம்பிதுரை மீசையைத் தடவிக்கொண்டே தாளை என் பக்கம் தள்ளினார். "தனபாலு, இதைச் சுருட்டி வெய்யுங்க" என்றார்.

சாஜிதா அப்போதுதான் இழுப்பறையிலிருந்து ஒரு ஃபேக்ஸை எடுத்தார். சிங்கப்பூரில் உள்ள கப்பல் ஆபீசுக்கு எழுதிக் கேட்டு வாங்கியிருக்கிறார். இறங்கினாலும் இறங்காவிட்டாலும் விசா இல்லாதவரைக் கப்பலில் ஏற்றமாட்டோம் என்று அதில் இருந்தது. "சில நாட்டுல எறங்காட்டி விட்டுருவாங்கண்ணா. நாட்டுக்கு நாடு வேற வேற. அதான் கேட்டுப்போட்டுச் சொல்றேன்" என்றார்.

"சரி, பாஸ்போர்ட் திரும்பி வரலீன்னா?" என்றேன்.

"நானே கொண்டு போயி, விசா வாங்கிட்டு வாரேன்."

மறுநாள் மத்தியானம் கோவை எக்ஸ்பிரஸில் ஏறிவிட்டார். மெட்ராசுக்குத் தனியாகப் போவது அதுதான் முதல் தடவை. ஒரு வாரம் ஆயிற்று, வரவில்லை. முதலாளி காலையும் மாலையும் என்னைக் காய்ச்சி எடுத்தார். நான் சாஜிதாவைத் திட்டாத திட்டு இல்லை. கிளம்புவதற்கு முந்தின நாள் பல்லடம் பஸ்ஸில் வந்து இறங்கி, எங்கள் ஆபீஸ் படியேறி, மார்போடு கட்டிப்பிடித்திருந்த பையிலிருந்து விசா குத்திய இருபத்திரண்டு பாஸ்போர்ட்டையும் எண்ணி என் கையில் வைத்தார். கால் இரண்டும் வீங்கியிருந்தன. குடிக்கத் தண்ணீர் கேட்டார். நான் ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

சிங்கப்பூர் துறைமுகத்தில் வரிசையில் எங்களுக்கு முன்னால் வேறொரு ஊர்க் குரூப் நின்றது. கவுண்டரில் பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஒன்பது பேரை ஓரமாக நிற்கச் சொன்னார்கள். அதில் ஒரு பெரியவர், "நாங்க எறங்கவே மாட்டோங்க, கப்பல்லயேதான் இருப்போம்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். அழுதேவிட்டார். யாரும் கேட்கவில்லை. என் சட்டைப்பையில் முத்திரைத்தாள் இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று எடுத்து வந்திருந்தேன். அதை இன்னும் உள்ளே தள்ளிக்கொண்டேன். எங்கள் முறை வந்தது. புரட்டினார்கள், முத்திரை குத்தினார்கள், இருபத்திரண்டு பேரும் ஏறினோம்.

மலேசியாவில் கப்பல் நின்றதும், இறங்கமாட்டோம் என்று எழுதிக்கொடுத்தவர்கள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு இறங்கி ஓடினார்கள். நானும்தான். தம்பிதுரையின் சம்சாரம் ராசாத்தாள் மட்டும் முட்டிவலி என்று கப்பலிலேயே இருந்துகொண்டார். "எழுதிக் குடுத்தமில்ல, ஒருத்தியாவது சொல்லைக் காப்பாத்தோணுமில்லீங்க" என்றார். உள்ளே வந்த அதிகாரிகள் அவருடைய பாஸ்போர்ட்டையும் வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் போனார்களாம்.

ஊர் திரும்பியதும் முதல் வேலையாக சாஜிதாவுக்குப் போன் போட்டேன். அந்த ஒன்பது பேர் கதையைச் சொன்னேன். "அம்மணி, அன்னைக்கு நான் பேசுனது தப்பு. பெரிய தப்பு. நீங்க இல்லீன்னா நாங்களும் அந்த ஓரத்துலதான் நின்னிருப்போம்" என்றேன்.

"இருபத்திரண்டு பேரும் திரும்பியாச்சுங்களாண்ணா?" என்றார்.

"இருபத்திரண்டும்."

அவர் போனைக் கையால் பொத்தாமலே அறைக்குள் யாரிடமோ திரும்பிச் சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது.

"பஷீரண்ணா, சாவி என்கிட்டயே இருக்கட்டும்."