ஜூலியேத் நம்பிய காலைப்பொழுது

அந்த வருடங்களில் சைகோனில் ஜனாதிபதி கவிழாத வாரமே கிடையாது, எல்லாம் வாய்ப்பேச்சில். மீன்கடையில் கவிழ்ந்தார், மாதா கோயில் வாசலில் கவிழ்ந்தார், காப்பிக் கடையில் ஒரே நாளில் இரண்டு தடவைகூடக் கவிழ்ந்தார். பெயரைச் சொல்லப் பயந்து எல்லோரும் அவரை 'மாளிகைக்காரர்' என்றுதான் சொன்னார்கள். பெயர் சொல்லவே நடுங்குகிற ஊர் அவரை எப்படிக் கவிழ்க்கும் என்று கேட்ட ஒரே ஜீவன் ஜூலியேத்.

அவளுடைய அப்பா காரைக்காலிலிருந்து பிரெஞ்சுக்காரன் ஆபீசுக்குக் குமாஸ்தாவாக வந்தவர். அம்மா இந்த ஊர் வியத்நாமியப் பெண். இருவரும் போய்ச் சேர்ந்த பிறகு அவளுக்கென்று இருந்தது தம்பி ஆந்த்ரே மட்டும்தான். கல்யாணப் பேச்சை எடுத்தால், "சினிமாவுல தினம் ரெண்டு கல்யாணம் பாக்குறேன், போதாதா?" என்பாள். நகர நடுவில் ஒரு சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கொடுப்பது அவள் வேலை.

அங்கேதான் அவளுக்கு இந்த அவநம்பிக்கை வந்தது. படம் போடுவதற்கு முன்னால் திரையில் ஜனாதிபதியின் முகம் வரும், புகழ் பாடும் பாட்டு ஒலிக்கும், எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும். ஜூலியேத் கதவுச் சீலையை விலக்கி எட்டிப் பார்ப்பாள். வரிசையில் நிற்கும்போது "இந்த மாசம் தாண்டாது" என்று கிசுகிசுத்தவர்கள்தான் உள்ளே முதல் ஆளாக விறைத்து நிற்பார்கள். அவளுக்குச் சிரிப்பும் வரும், வயிற்றெரிச்சலாகவும் இருக்கும்.

பக்கத்துத் துணிக்கடை இராமநாதனுக்கோ கவிழ்ப்பதே பொழுதுபோக்கு. "ஜோசியன் அடிச்சுச் சொல்லிட்டான். அமெரிக்காக்காரனும் கைவிட்டுட்டான். தை பொறக்கிறதுக்குள்ள ஆள் காலி, பாருங்க" என்பார்.

"போன வருஷமும் இதே தையத்தான் சொன்னீங்க, முசியே. உங்க தை பொறக்கவே பொறக்காது போல."

பிரெஞ்சில் 'ஐயா' போட்டுக் கேலி பேசினாளே தவிர, அவளுக்கு அது விளையாட்டு இல்லை. பள்ளி ஆசிரியரான ஆந்த்ரேயை ஐம்பத்தெட்டில் பிடித்துச் சிறையில் போட்டிருந்தார்கள். துறைமுகக் கூலிகளுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தான், கூடவே கொஞ்சம் நியாயமும் பேசினான், அதுதான் குற்றம். "நான் இந்த ஊர்க்காரன்" என்று பிரெஞ்சுக் குடியுரிமையை உதறியவன் என்பதால் பிரெஞ்சுத் தூதரகமும் கையை விரித்துவிட்டது. வெளியே வர ஒரே வழிதான் இருந்தது. சனிக்கிழமைகளில் சிறை முற்றத்தில் ஜனாதிபதியின் படத்தை வைப்பார்கள். அதன்முன் தலை தாழ்த்திக் கும்பிட்டு, நான் செய்தது தப்பு என்று உரக்கச் சொல்ல வேண்டும். சொன்னவர்களைச் சில வாரங்களில் விட்டுவிடுவார்கள்.

ஆந்த்ரே மாட்டேன் என்றான். உள்ளேயும் அதே காற்றுதான் வீசியது. மாளிகைக்காரர் போய்விடுவார், கொஞ்சம் பொறுத்தால் தலைநிமிர்ந்து வெளியே போகலாம் என்று ஆளுக்கு ஆள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு மாதமும் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று ஜூலியேத் மன்றாடினாள். "அந்தாளு போக மாட்டான்டா. நீதான் போயிருவே." அவன் இருமலில் ரத்தம் வர ஆரம்பித்திருந்தது.

இரண்டு வருடம் கழித்து, அறுபதாம் வருட அக்டோபரில் ஒருவழியாக இறங்கி வந்தான். "சரிக்கா. கும்பிட்டுத் தொலைக்கிறேன். எல்லாரும் ஆசைக்குப் பேசுறாங்க, நீ ஒருத்திதான் உள்ளதைச் சொல்றே." சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனான். அவன் கும்பிடப் போகும் நாளுக்கென்று ஜூலியேத் ஒரு வெள்ளைச் சட்டை தைத்தாள்.

அது நவம்பரில் ஒரு சனிக்கிழமை. அதற்கு முந்தின நாள் வெள்ளிக்கிழமை. விடியும்போதே துப்பாக்கிச் சத்தம். சட்டையைச் சிறையில் கொடுத்துவரலாம் என்று எடுத்துக்கொண்டு வெளியே வந்தவள் திகைத்து நின்றுவிட்டாள். பாராசூட் படைக்காரர்கள் மாளிகையைச் சுற்றி நின்றார்கள். சனங்கள் அவர்களுக்கு வாழைப்பழமும் சிகரெட்டும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆட்சி முடிந்தது என்று வானொலி சொன்னது. கொட்டகை முதலாளி, எறும்புக்கும் வழிவிடுகிற மனிதர், தன் கையாலேயே ஜனாதிபதியின் படத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஊரெல்லாம் நம்பியபோது நம்பாதவள் அன்றைக்கு நம்பிவிட்டாள்.

சிறையில் காவலர்களே குழம்பிப்போயிருந்தார்கள். யாரும் அவளை எதுவும் கேட்கவில்லை. ஆந்த்ரே வந்தான். மறுநாளை நினைத்து இப்போதே குறுகிப்போயிருந்தான். அந்த முகத்தைப் பார்த்ததும் அவளால் அடக்க முடியவில்லை.

"கும்பிடாதேடா! இனிமே யாரையும் கும்பிட வேணாம். ஆள் தொலைஞ்சான். என் கண்ணால பாத்துட்டு வரேன்."

"நீயா சொல்றே?"

"நான்தான்டா சொல்றேன்."

அவன் சிரித்தான். சிறைக்குப் போனபிறகு அவன் சிரித்து அன்றுதான் பார்த்தாள். இருமல் வந்தும் சிரிப்பு நிற்கவில்லை. வீட்டுக்கு வரும்போது போட்டுக்கொள்ளட்டும் என்று சட்டையைத் திரும்ப எடுத்து வந்துவிட்டாள்.

சனிக்கிழமை, வெளியூர்களிலிருந்து ஜனாதிபதிக்கு விசுவாசமான படைகள் டாங்கிகளோடு வந்து சேர்ந்தன. பிற்பகலுக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கொட்டகையில் படம் மறுபடி ஆணியில் ஏறியது. சிறை முற்றத்தில் வழக்கத்தைவிட விமரிசையாகச் சடங்கு நடந்தது, ஆந்த்ரே கும்பிடவில்லை. அடுத்த வாரம் அவள் போனபோது அவன் அங்கே இல்லை. புலோ கொந்தோர் என்ற சிறைத் தீவுக்குக் கப்பலேற்றிவிட்டோம் என்றார்கள். மறுவருட மழைக்காலத்தில், நெஞ்சு நோயில் செத்துப்போனான் என்று ஒரு வரி வந்தது.

ஜூலியேத் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஊர் தன் பாட்டுக்கு ஜனாதிபதியைக் கவிழ்த்துக்கொண்டிருந்தது. ஒரு சமயம் மாளிகை மேலேயே குண்டு போட்டார்கள், அப்போதும் அவர் உயிரோடு வெளியே வந்தார்.

அறுபத்துமூன்று நவம்பரில் அவர் நிஜமாகவே விழுந்தார். இராமநாதன் வேட்டி அவிழ ஓடிவந்தார். "சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க முசியே. விடாம சொன்னீங்க."

தெருவில் ஒரே ஆட்டம் பாட்டம். அவள் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

கிறிஸ்துமஸ் நெருங்கும்போது ஒருவன் வீடு தேடி வந்தான். நடக்கவே சிரமப்பட்டான். "என் பேரு சேக். பள்ளிவாசல் தெரு. அச்சாபீஸ்ல வேலை பாத்தேன். ஆந்த்ரேயும் நானும் ஜெயில்ல ஒரே அறை. உங்களப் பாத்து நன்றி சொல்லணும்னு அங்க இருந்தப்பவே நெனைச்சிருந்தேன்க்கா."

"எனக்கு எதுக்குத் தம்பி நன்றி?"

"அன்னிக்கு நாங்க எல்லாருமே கும்பிட்டுடலாம்னுதான் இருந்தோம். பயம், நோவு, பிள்ளை குட்டி ஞாபகம். ஆந்த்ரேதான் உங்களப் பாத்துட்டு ஓடிவந்தான். 'எங்கக்கா எதையுமே நம்பாதவ, அவளே சொல்லிட்டா'ன்னான். அப்புறம் அந்த அறையில ஒருத்தரும் தலை குனியலக்கா. நிமிந்து நின்னோம்." சேக்கின் கண்கள் நிறைந்துவிட்டன. "உங்க ஒரு வார்த்தைதான்."

இதுவரை ஒரு சாவுதான் தன் கணக்கில் என்று இருந்தவள் ஜூலியேத்.

"எல்லாரையுமா தீவுக்கு அனுப்பினாங்க?"

"எல்லாரையும்தான்."

"எத்தனை பேரு திரும்பி வந்தீங்க?"

சேக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று சிரித்தான்.

"நான் வந்துட்டேன்க்கா."