நகம் பார்த்த நடுவர்

காலை ஒன்பது நாற்பதுக்கு அந்த நடுவர் என் மகளைக் கூப்பிட்டு, "கையைக் காட்டு" என்றார். அவளை மட்டும் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்ததால் நேரம் எனக்குத் துல்லியமாகத் தெரியும்.

கபடியில் ஆட்டத்துக்கு முன் எல்லோருடைய நகத்தையும் பார்ப்பார்கள், எதிராளியைக் கீறிவிடக் கூடாது என்று. அன்றும் பார்த்து முடித்திருந்தார்கள். கிளம்பும்போது நானே ஒட்ட வெட்டிவிட்ட நகங்கள். பிறகு ஆட்டத்தின் நடுவில் எதற்கு? அவுட்டாகி உட்கார்ந்திருந்தவளை எழுப்பி, தள்ளி அழைத்துப் போய், விரல்களைப் பார்ப்பதுபோல் குனிந்து காதருகே ஏதோ சொன்னார். அவள் தலையை ஆட்டினாள்.

வேங்கிக்கால் பக்கம் ஒரு பள்ளி மைதானம். அந்தப் போட்டியிலிருந்துதான் மாவட்ட அணியின் பயிற்சி முகாமுக்குப் பெண்களை எடுக்கப்போகிறார்கள். ஒழுங்கீனம் என்று நடுவர் எழுதிக் கொடுத்தால் அந்தப் பெயர் பட்டியலில் வராது என்று மைக்கில் இரண்டு முறை சொல்லியிருந்தார்கள். என் மகள் ஒரு வருடமாக அந்த முகாமைத் தவிர வேறு பேச்சு பேசியதில்லை.

பத்து நிமிடத்தில் மறுபடி கூப்பிட்டார். மறுபடி நகம், மறுபடி காதில் பேச்சு. அவருக்கு ஐம்பது வயதிருக்கும். அவளுக்குப் பதின்மூன்று. எதிரணி கீழ்பென்னாத்தூர்ப் பிள்ளைகள். நடுவரும் அந்தப் பக்கத்து ஆள்தான் என்று டீ வாங்கும்போது யாரோ சொன்னார்கள். என் மகளைக் குழப்பிவிடப் பார்க்கிறாரா? இல்லை, நான் நினைக்கவே அஞ்சும் வேறு ஏதாவதா?

இடைவேளையில் தண்ணீர் பாட்டிலோடு ஓடினேன்.

"என்னடி சொன்னாரு?"

"ஒன்னுமில்லம்மா. நகம் ஜாஸ்தியா இருக்குதாம்."

"காலைல நான்தானே வெட்டுனேன்?"

"நீ சரியா வெட்டல. போம்மா, எல்லாரும் பாக்கறாங்க."

அவள் என் கண்ணைப் பார்க்கவில்லை. கையைப் பிடித்துப் பார்த்தேன். நகமென்று சொல்ல அங்கே ஒன்றுமில்லை. மகள் பொய் சொல்கிறாள். சொல்ல வைத்தது யார்?

இருபது வருடமாக அரசு அலுவலகத்தில் மனுக்களைப் பதிவு செய்பவள் நான். வாயால் சொன்னால் யாரும் அசைய மாட்டார்கள், எழுதிக் கொடுத்தால்தான் பதில் வரும். பையிலிருந்த தாளை எடுத்தேன். நடுவர் என் மகளைத் தனியே அழைத்து என்ன பேசினார் என்பதற்கு எழுத்துமூலம் விளக்கம் வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, புள்ளி எழுதும் மேசையில் கொடுத்தேன். பெற்றுக்கொண்டதற்கு இன்னொரு தாளில் கையெழுத்தும் வாங்கினேன். போட்டிச் செயலாளர் சாப்பாட்டு ஏற்பாட்டுக்காக வெளியே போயிருந்தார். தாளைப் படமெடுத்து அவருக்கு அனுப்பினார்கள்.

மகளின் அணி மூன்று புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தது. அதுவும் என்னை அமைதிப்படுத்தவில்லை. நேராக நடுவரிடம் போனேன்.

"எம் பொண்ணுகிட்ட தனியா என்ன சார் பேசுனீங்க?"

அவர் மேசையைப் பார்த்தார். பிறகு என் மகளைப் பார்த்தார். "அத வுட்டுடுங்கம்மா. பாப்பா நல்லா ஆடுது. நீங்க குடுத்த பேப்பர திருப்பி வாங்கிக்குங்க."

"ஏன் வாங்கணும்? பயமா இருக்குதா?"

மறைக்க ஒன்றும் இல்லாதவர் தாளை ஏன் திரும்ப வாங்கச் சொல்கிறார்? என் குரல் உயர்ந்தது. அப்போதுதான் எதிரணிப் பெண் ஒருத்தி, முழங்கையெல்லாம் மண்ணோடு, எங்களுக்கு நடுவில் வந்து நின்றாள்.

"ஆன்ட்டி, சாரு எங்களையும்தான் நகம் காட்டச் சொன்னாரு. என்னை ரெண்டு தபா."

"எதுக்கு?"

அவள் சிரிப்பை அடக்கினாள். "வாய வுட்டா கூப்புடுவாரு. கார்டு காட்டுனா எழுதணும், கேம்ப் போயிடும் இல்ல? அதான் காதுல திட்டி அனுப்பிடுவாரு. உங்க பொண்ணு என்னைப் பாத்து 'போடி மயிரு'ன்னுச்சு. நான் மட்டும் சும்மாவா இருந்தேன்?"

என் மகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்கூட்டர் கிளம்பாத காலைகளில் நான் சொல்லும் வார்த்தை அது.

எல்லோர் முன்னும் அட்டையை நீட்டியிருந்தால் எனக்குச் சந்தேகமே வந்திருக்காது. ஆனால் முகாம் போயிருக்கும். சின்ன வார்த்தைக்குச் சின்னக் கண்டிப்பு போதும் என்று அவர் நினைத்தது சரிதான். அதைப் பெற்றவர்களிடமும் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஒரு பெண் பிள்ளையின் காதில் பெரியவர் ஒருவர் ரகசியம் பேசினால் எந்தத் தாயும் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டாள்.

மேசைக்கு ஓடித் தாளைத் திருப்பிக் கேட்டேன். "செயலாளர் படிச்சிட்டாரும்மா. வந்துக்கினே இருக்காரு" என்றார்கள்.

வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றாமலே என் தாளை எடுத்து ஒருமுறை படித்தார். நடந்ததை நடுவர் தணிந்த குரலில் சொல்ல, முழுவதும் கேட்டார். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார்.

"சார், நீங்க பண்ணது எனக்குத் தப்பாத் தெரியல. ஆனா அம்மா எழுதிக் கேட்டுட்டாங்க. பதில் இல்லன்னா நாளைக்கு என்னைத்தான் கேப்பாங்க. பாப்பா என்ன வார்த்த சொல்லுச்சோ, அத அப்படியே எழுதிக் குடுங்க."