தாணம்மாளின் மொட்டை விரல்

முந்திரி உடைக்கும் அண்டியாபீசில் கக்கூசுக்குக் கதவு கேட்டு முப்பது பெண்கள் வாசலில் உட்கார்ந்தபோது, பேச ஒருத்திக்கும் வாய் வரவில்லை. தாணம்மாள்தான் புருஷனின் வெள்ளை வேட்டியை விரித்து, முந்திரித்தோட்டுக் கரியில் கையைத் தேய்த்து அதில் பதித்தாள். பிறகு எல்லாரும் பதித்தார்கள். தோடு வெட்டும் மிஷினில் தாணம்மாளின் ஆள்காட்டி விரல் நுனி போயிருந்தது. வேட்டியிலும் அது மொட்டையாகவே விழுந்தது. எட்டாம் நாள் கதவு வந்தது. எல்லாரையும் கூட்டி வந்த பெமிலாவுக்கு வேலை போனது.

பெமிலா சிதறாலில் வீட்டிலிருந்தே பை தைக்கத் தொடங்கினாள். மூன்று வருஷம் கழித்து, வடசேரியில் கடை வைத்திருக்கும் ஜினிஷா ஒரு கட்டுத் துணியோடு காரில் வந்து இறங்கினாள். பேப்பரில் வந்த அந்த வேட்டியின் போட்டோவைப் பார்த்து வரைந்து அச்சடித்த துணி. தோள்பை, பர்ஸ், தலைக்குக் கட்டும் ஸ்கார்ப் எல்லாம் தைக்க வேண்டுமாம். கரிக்கைகள் ரோஸ் நிறத்தில் மினுங்கின. நகங்களில் பாலீஷ்கூட இருந்தது.

“முதல் கைக்கு விரல் எப்பம் முளைச்சுது மோளே?”

“அதை நான் சரி பண்ணிட்டேன்க்கா. பாக்கிறவங்களுக்கு ஒரு மாதிரி இருக்கும்லா.”

போராட்டம் வேண்டும், போராடியவளின் கைதான் அருவருப்பு. பெமிலா நாலு வீடு தள்ளி இருந்த தாணம்மாளிடம் துணியைக் கொண்டுபோய்க் காட்டினாள்.

தாணம்மாள் துணியைத் தூரப் பிடித்துப் பார்த்தாள். “கல்யாணத்தன்னைக்குக்கூட எனக்கு இப்பிடி கை இல்லட்டி. எவளோ கைய வச்சுட்டு என் கைய எடுத்துட்டா. அன்னைக்கு முதல்ல வச்சது நானாக்கும். அது என் கையா இருக்கணும்.”

பெமிலா தைக்க உட்கார்ந்தாள். ஒவ்வொரு பையிலும் அந்த விரல் நுனியில் மட்டும், ரவிக்கைக்கு டாட் பிடிப்பதுபோல ஒரு சின்ன மடிப்பு பிடித்தாள். விரல் மொட்டையானது. இருநூறு பையிலும் மொட்டையானது.

மறுபடி வந்த ஜினிஷா அடுத்த கட்டுத் துணியை இறக்கி வைத்துவிட்டு, பைகளைப் புரட்டினாள்.

“அக்கா, எல்லாம் டேமேஜா இருக்கே.”

“டேமேஜ் இல்ல. தாணம்மாளுக்க விரல் அப்பிடித்தான்.”

ஜினிஷா கொஞ்சம் யோசித்தாள். முகம் மலர்ந்தது. “இதுவும் கொள்ளாம்க்கா. விரல் போன கதையை ஒரு சீட்டுல அடிச்சுப் பையில தொங்கவிடலாம். நல்லாப் போகும். என்ன நடந்துதுன்னு சொல்லுங்க.”

“அவ விரலு, அவ கதை. நாலு வீடு தள்ளித்தான் இருக்கா. அவளுக்குச் சம்மதமாண்ணு போய்க் கேளு.”

ஜினிஷா இடைவழியைப் பார்த்தாள். மழை பெய்து செம்மண் குழம்பிக் கிடந்தது. பிறகு தன் வெள்ளைச் செருப்பைப் பார்த்தாள்.

“அடுத்த தடவை பாத்துக்கலாம்க்கா.”

பெண்ணின் கையைத் தோளில் மாட்டி விற்பவளால் நாலு வீட்டுச் சேற்றைத் தாண்ட முடியவில்லை. பெமிலா புதுக் கட்டைத் தூக்கிக்கொண்டுபோய்க் காரின் பின்சீட்டில் வைத்துக் கதவைச் சாத்தினாள்.

“இதை வேற ஆளப் பாத்துக் குடு மோளே.”