முகவரியோடு போன திட்டுகள்

செபராங் ஜெயாவில் நாலு பேர் வேலை செய்யும் சின்ன அலுவலகம் எங்களுடையது. புக்கிட் தெங்கா தொழிற்சாலைகளுக்கு லேபல் அச்சிடும் மென்பொருள் எழுதுகிறோம். முதலாளியை அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். அவரும் ஒரு காலத்தில் நிரல் எழுதியவர். என் ஒப்பந்தத்தை நீட்டிப்பதா வேண்டாமா என்று அந்த வெள்ளிக்கிழமை அவர் முடிவு செய்வதாக இருந்தது. வியாழக்கிழமை நான் செய்த காரியத்தை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு அடங்கமாட்டேன் என்கிறது.

அதுவரை நிரல் முழுவதும் என் கணினியில் ஒரு ரெப்போவாக இருந்தது. ஒவ்வொரு மாற்றத்தையும், அதை ஏன் செய்தேன் என்ற ஒரு வரிக் குறிப்போடு அது சேமித்து வைக்கும். மற்றவர்களுக்கு வேண்டுமென்றால் நிரலை மட்டும் பென்டிரைவில் தருவேன். வீட்டிலிருந்தே எல்லாரும் எடுத்துக்கொள்ளும்படி அதை வெப் சர்வரில் ஏற்றச் சொன்னார் அண்ணன். தீவிலிருக்கும் ஜார்ஜ் டவுனிலிருந்து தினமும் கடல் பாலம் தாண்டி வருகிற எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. இரண்டு நாள் மல்லுக்கட்டினேன். முதலில் சர்வர் நிரலை இறக்க விட்டது, திருப்பி ஏற்ற விடவில்லை. அனுமதியைத் திருத்தினேன், அதற்கும் விட்டது. அடடா, கால் தரையில் நிற்கவில்லை! எல்லாருக்கும் முகவரியை அனுப்பிவிட்டுக் கீழே மாமாக் சாப்பாட்டுக் கடையில் நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீ சொல்லி உட்கார்ந்தேன்.

பாதி குடிக்கும்போது புரை ஏறியது. ரெப்போ நிரலை மட்டுமா கொடுக்கும்? குறிப்புகளையும் அல்லவா சேர்த்துக் கொடுக்கும்! யார் படிக்கப்போகிறார்கள் என்ற தைரியத்தில் ஒன்றரை வருடமாக நான் எழுதியவை: 'அண்ணனுக்கு இன்று பச்சை வேண்டுமாம். நேற்று நீலம். நாளை வானவில்.' 'கழுதை சொன்னது, செய்தேன்.'

மாடிக்கு ஓடினேன். சர்வரில் அழித்துப் பயனில்லை. இறக்கியவர் கணினியில் முழு வரலாறும் போய் உட்கார்ந்திருக்கும். பக்கத்து மேசை அக்கா கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"நீ அனுப்பின கையோட அண்ணன் எறக்கிட்டாரு லா. உள்ள ஒக்காந்து படிச்சிக்கிட்டு இருக்காரு," என்றார்.

பயமும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. வேலை போச்சு என்று மேசையைக் காலி செய்யவே தொடங்கிவிட்டேன். அப்போது ரெப்போவில் புது மாற்றம் ஒன்று வந்து விழுந்தது. ஏற்றியவர் அண்ணன். அவருடைய குறிப்பு இது:

"தங்கச்சி என்னை மூணு எடத்துல கழுதைன்னு எழுதியிருக்கு. ரெண்டு எடத்துல சரிதான். மூணாவதுல நான் சொன்னது தப்பில்ல, அது எழுதின புரோகிராம்தான் தப்பு. திருத்திட்டேன். காண்ட்ராக்ட் ரெண்டு வருஷத்துக்குப் போட்டாச்சு."

மூன்றாவதைத் திறந்து பார்த்தேன். கழுதை நான்தான்.